பத்து நிமிடத்தில் நின்றுவிடும் ஹீட்டர்

வேலையிடத்தில், தொலைபேசிக்கு முன்னால் நான் நான்கு வருடம் இருந்த கதிரையை எடுத்துவிட்டார்களாம். கூட வேலை செய்த ஒருத்தி போன மாதம் தொலைபேசியில் சொன்னாள். ஹீட்டர் உதிரிப்பாகம் வேண்டுபவர்கள் இனிமேல் இணையத்தில் படத்தைப் பார்த்து அழுத்தினால் போதும், பெட்டி வீட்டுக்கே வந்துவிடும். யாரோடும் பேசத் தேவையில்லை. “உனக்குக் கவலையா ஜெஸ்?” என்று கேட்டாள்.

கவலை ஒன்றும் இல்லை. அந்தக் கதிரையின் ஒரு சக்கரம் எப்போதும் சிக்கிக்கொள்ளும். ஆனால் அவள் போனை வைத்த பிறகு அந்தக் கதிரையில் இருந்த காலத்தில் எனக்குப் போன் எடுத்த யோகேஸ்வரனின் ஞாபகம் வந்துவிட்டது. அவரும் ஒரு படத்தைப் பார்த்து அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று குசினியில் நின்றபடி யோசித்தேன். அன்று சோறு கொஞ்சம் குழைந்துபோனது. எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று அப்போதுதான் தோன்றியது.

என் பெயர் ஜெசிந்தா. வேலையில் எல்லோருக்கும் ஜெஸ். ஊர் மன்னார். மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்த வருடமே டண்டினொங்கில் ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து ஹீட்டர்களை இறக்கி விற்கும் கொம்பனி. பதினொரு வருடம் பொதி கட்டினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெட்டி, டேப், மறுபடி பெட்டி. 2009இல் முதுகு இனி முடியாது என்றது. வைத்தியரின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், என்னை உதிரிப்பாகப் பகுதியின் தொலைபேசிக்கு மாற்றினார்கள். அந்த வருடம் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்ச் செய்திக்காக எல்லோரும் அதற்கு முன்னால் விழித்திருந்தோம். காலையில் வேலைக்கு வந்து, யாரோ ஒருவருடைய ஹீட்டர் பற்றவில்லை என்ற முறைப்பாட்டைக் கேட்பது எனக்கு ஓர் ஆறுதலாகவே இருந்தது.

நாங்கள் விற்றவற்றில் அதிகம் தொல்லை கொடுத்தது பெல்லட் ஹீட்டர். மர ஆலைகளில் மிஞ்சும் தூளை அழுத்தி, கோழித் தீன் போலச் சின்னச் சின்னக் குச்சிகளாக்கி மூட்டையில் விற்பார்கள். அதுதான் பெல்லட். ஹீட்டரின் மேல் தொட்டியில் அதைக் கொட்டினால், அடியிலே ஒரு திருகு சுழன்று, குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குள் தள்ளும். ஒரு விசிறி புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளும். இன்னொரு விசிறி சூட்டை அறைக்குள் ஊதும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள உள்ளே வயர்களும் சுவிச்சுகளும் நிறைந்திருக்கும். விறகு அடுப்புக்கு மின்சாரம் கொடுத்த மாதிரி ஒரு சாமான். விறகு அடுப்பை எல்லோரும் தாங்களே திருத்தலாம் என்று நினைப்பதால், இதையும் திருத்தலாம் என்று நினைப்பார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் ரெக்ஸ். திருத்த வேலைகளுக்குப் பொறுப்பான மேலாளர். அறுபதை நெருங்கிய மெலிந்த மனிதர், தொழிலால் எலெக்ட்ரீசியன். கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும், கண்ணுக்கு வருவது அபூர்வம். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பாகத்தை அவர் கையில் கொடுத்தால், பார்ப்பதற்கு முன் மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்ப்பார். “இது எரியவில்லை. இதற்குப் பக்கத்தில் இருந்த ஏதோ எரிந்திருக்கிறது,” என்பார். திறந்து பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். சத்தம் போட்டு ஒருவரைப் பேசி நான் கண்டதில்லை. பிழை விட்டவரைக் கூப்பிட்டு, தேநீர்க் கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, “தொடக்கத்திலிருந்து சொல்,” என்பார். சொல்லிக்கொண்டு போகும்போது பிழை எங்கே என்று சொல்பவருக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

முதல் நாளே என் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு காகித மட்டையை ஒட்டினார். அவருடைய கையெழுத்து. எது பழுது என்று கேட்காதே; அது அவர்களுக்குத் தெரியாது. என்ன பார்த்தீர்கள் என்று கேள். என்ன சத்தம் கேட்டது. என்ன மணம். எத்தனை நிமிடத்தில் நின்றது. கடைசியாகச் சாம்பல் தட்டியது எப்போது. இதையெல்லாம் கேட்ட பிறகுதான் பாகத்தின் பெயரைப் பேசலாம். மட்டையின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: வயரிங் பற்றி யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது.

அந்தச் சிவப்பு வரி சட்டம். இங்கே சொந்த வீட்டு மின்வேலையையும் அனுமதிப்பத்திரம் உள்ளவர்தான் செய்யலாம். யாராவது வயரைப் பற்றி வாய் திறந்தால் சொல்வதற்கு ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைத்திருந்தேன். மரியாதையான வசனம். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

நிமிடக் கணக்கையும் ரெக்ஸ்தான் பழக்கினார். பற்றவே இல்லை என்றால் பற்றவைக்கும் கம்பி. இரண்டு மணித்தியாலம் எரிந்து நின்றால் சூடு அதிகம். பத்து நிமிடத்தில் நின்றால் காற்றுப்பாதை அடைபட்டிருக்கிறது. புகை வெளியே போகவில்லை என்பதைக் கண்டுபிடிக்க உள்ளே ஒரு சுவிச் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான சாமான், ஒரு றப்பர்க் குழாயும் இரண்டு வயரும் கொண்டது. காற்று ஓடவில்லை என்றால் அது திருகை நிறுத்திவிடும். அப்படி நின்றால் முதலில் சாம்பலையும் புகைக்குழாயையும் துப்புரவாக்கச் சொல்ல வேண்டும். பத்தில் எட்டுப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

அந்த மட்டையைப் பார்த்து ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு. அதன் அருமையைக் காட்டியவர், மூன்று மோட்டர்க்காரர் என்று நான் நினைவில் வைத்திருக்கும் ஒருவர். திருகைச் சுழற்றும் மோட்டர் பழுது என்று வந்து புதியது வாங்கினார். இரண்டு கிழமையில் திரும்ப வந்தார், அதுவும் பழுதாம். மாற்றிக் கொடுத்தேன். மூன்றாவது முறை வந்தபோது கோபமாக வந்தார், கையில் இரண்டு மோட்டர். ரெக்ஸ் வெளியே வந்து இரண்டையும் மணந்துவிட்டு, “நிற்பதற்கு முன் என்ன சத்தம்?” என்று கேட்டார்.

“அரைக்கிற சத்தம். கோப்பி அரைக்கிற மாதிரி.”

“பெல்லட் மூட்டையை எங்கே வைக்கிறீர்கள்?”

“ஷெட்டில்.”

“கூரை ஒழுகுமா?”

ஒழுகும் என்று மனிதர் தலையாட்டினார். ஈரம் பட்ட குச்சிகள் திரும்பவும் தூளாகி, திருகைச் சுற்றிச் சீமெந்து மாதிரி இறுகியிருந்தன. மோட்டர் மூன்றும் நல்ல மோட்டர். அவர் போன பிறகு ரெக்ஸ் மட்டையை மட்டும் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் ஒழுங்காகக் கேட்டேன். மலைப்பக்கத்திலிருந்து போன் எடுத்த ஒரு பெண்ணிடம், போனை ஹீட்டரின் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, கிறீச்சிடும் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கிழமை முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

யோகேஸ்வரன் முதலில் போன் எடுத்தது 2012ஆம் ஆண்டு குளிர்காலத்தில், ஒரு திங்கட்கிழமை. மழை விடாத நாள். அப்படியான நாட்களில் ஒருவர் போனை வைக்க முன்னரே அடுத்த அழைப்பின் விளக்கு மினுங்கத் தொடங்கிவிடும்.

“ஹலோ மேடம். ஐ ஹாவ் வன் ஹீட்டர். கரன்ட் இஸ் கமிங், மேடம்.”

கரன்ட் இஸ் கமிங். அந்த மூன்று சொல்லிலேயே எங்கள் ஆள் என்று தெரிந்துவிட்டது. மெல்லிய குரல், ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எடுத்து வைக்கிற ஆங்கிலம். வாடகை வீட்டு ஷெட்டில் கிடந்த பழைய பெல்லட் ஹீட்டர் என்றார். எலி வயரையெல்லாம் கடித்துவிட்டது, தானே எல்லாவற்றையும் புதிதாகப் போட்டிருக்கிறார். இரண்டு விசிறிக்கும் ஒரே நிற வயர். எது எந்த முனைக்கு என்று சரிபார்க்க வேண்டும், படம் இருந்தால் அனுப்ப முடியுமா? இப்போது பற்றுகிறது, ஆனால் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

படம் என் மேசையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வயர் என்ற சொல் காதில் விழுந்ததும் என் வாய் தன் பாட்டில் பாட வசனத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டது. மன்னிக்கவும், வயரிங் பற்றிய ஆலோசனை எதுவும் எங்களால் வழங்க முடியாது, அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவரைத் தயவுசெய்து அழையுங்கள். நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். என்னுடைய வழக்கமான ஆங்கிலத்தைவிட நல்ல ஆங்கிலத்தில்.

“ஓகே மேடம். தேங்க் யூ மேடம்,” என்றார்.

பதிவுக் கொப்பியில் பெயரையும் இலக்கத்தையும் கேட்டு எழுதி, ‘வயரிங் கேட்டார், மறுக்கப்பட்டது’ என்று குறித்தேன். அடுத்த விளக்கு மினுங்கியது.

வியாழக்கிழமை பின்னேரம் திரும்ப எடுத்தார். குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டேன்.

“மேடம், ஹீட்டர் இஸ் வேர்க்கிங். பட் கிளாஸ் இஸ் பிளாக். ஃபயர் இஸ் ஸ்லோ, யெல்லோ. ஃபேன் ஸ்பீட் இன்க்ரீஸ், ஓகே மேடம்?”

இந்தமுறை மட்டையைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக எரிகிறது என்று கேட்டேன். காலையிலிருந்து என்றார்.

“திங்கட்கிழமை பத்து நிமிடத்தில் நின்றது என்றீர்கள். இப்போது எப்படி நிற்காமல் எரிகிறது?”

மிகவும் தயங்கி, “தட் ரவுண்ட் சுவிச், மேடம். ஐ கேவ் டிரெக்ட்,” என்றார்.

டிரெக்ட் கொடுப்பது என்றால் என்னவென்று எங்கள் ஊரில் மின்வேலை நடக்கும் வீட்டில் அரைநாள் இருந்தவருக்கும் தெரியும். சுவிச்சை விலக்கிவிட்டு, அதன் இரண்டு வயரையும் நேரே சேர்த்துவிட்டார். அது நிறுத்த வேண்டிய இடத்தில் இனி நிறுத்தாது. புகை போக வழியில்லாமல் காலையிலிருந்து நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நச்சுவாயு வீட்டுக்குள் நிறைந்துகொண்டிருக்கும்.

நான் கேட்டது தமிழில்.

“தம்பி, வீட்டிலை ஆர் ஆர் இருக்கிறியள்?”

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. “நானும் மனிசியும்... மற்ற அறையிலை றஞ்சன் எண்டு ஒரு பெடியன். இரவு வேலை. படுத்திருக்கிறான்.”

“மனிசி எப்பிடி இருக்கிறா?”

“காலமை துவக்கம் தலையிடி அன்ரி. சத்தியும் எடுத்தவ. குளிருக்காக்கும் எண்டு...”

“உங்களுக்கு?”

“எனக்கும் கொஞ்சம் தலை பாரமாத்தான் கிடக்கு.”

“வீட்டு இலக்கத்தையும் றோட்டுப் பேரையும் சொல்லுங்கோ. கெதியா.”

நோபல் பார்க், பக்கத்து ஊர்தான். எழுதிய கடதாசியை உயர்த்திப் பிடித்து ரெக்ஸின் அறைக் கண்ணாடிச் சுவரில் தட்டினேன். அவர் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். “புகைவாயு, மூன்று பேர், ஒருவர் நித்திரை,” என்றேன். வேறு கேள்வி கேட்கவில்லை. பக்கத்து மேசைத் தொலைபேசியை எடுத்து அவசர உதவிக்கான மூன்று பூச்சியத்தை அழுத்தினார்.

“தம்பி, இப்ப மனிசியைக் கூட்டிக்கொண்டு வெளியிலை போங்கோ. எல்லாக் கதவையும் திறந்துவிட்டிட்டுப் போங்கோ.”

“ஹீட்டரை நிப்பாட்டிட்டு...”

“தொடாதையுங்கோ! கரன்டை நிப்பாட்டினா இருக்கிற விசிறியும் நிண்டிடும். அது கிடக்கட்டும். முதலிலை ஆக்கள்.”

போனை அவர் வைக்கவில்லை, எங்கேயோ போட்டுவிட்டார். நான் காதிலிருந்து எடுக்கவில்லை. கதவு சுவரில் மோதும் சத்தம். “சுபா, எழும்பு, சுபா” என்ற குரல். ஒரு பெண் அழுவது போலவோ ஓங்காளிப்பது போலவோ ஒரு சத்தம். அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில், வேறொரு அறையிலிருந்து, “றஞ்சன்! டேய் றஞ்சன்!” மறுபடியும். மறுபடியும். குரல் ஒவ்வொரு முறையும் உயர்ந்தது. பிறகு நிலத்தில் எதையோ பாரமாக இழுக்கும் சத்தம்.

நாற்பது வருடம் வெவ்வேறு வேலை செய்திருக்கிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்ததைப் போலக் கடினமான வேலையை நான் செய்ததில்லை.

ரெக்ஸ் வாகனத் திறப்புக் கொத்தை எடுத்தார். “நீயும் வா. யாராவது மொழிபெயர்க்க வேண்டும்.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வாகனமும் அம்புலன்ஸும் நின்றன. புல்தரையில் ஒரு பெண் போர்வையோடு இருந்தாள், முகத்தில் ஒட்சிசன் மூடி. அவளுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவரைப் படுக்கவைத்து அவருக்கும் ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய உள்ளங்கால்கள் எங்கள் பக்கம் தெரிந்தன. அசையவில்லை. வேலியோரம் ஒருவர் வெறுங்காலோடு, மழையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“தம்பி, நான்தான் போனிலை கதைச்ச ஜெசிந்தா.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “நாலு தரம் எழுப்பினனான் அன்ரி. கண்ணே திறக்கேல்லை. தோளைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தனான்.”

“மூச்சு இருக்குது தம்பி. அவை சொல்லினம், மூச்சு நல்லா இருக்குதாம்.”

அவர்கள் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் படுத்திருந்தவரின் கால் ஒன்று மடங்கியது. மருத்துவ உதவியாளர் திரும்பிப் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். யோகேஸ்வரன் அப்படியே ஈரப் புல்லில் குந்திவிட்டார்.

மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுபாவும் அவரும் மறுநாள் வீடு வந்தார்கள். றஞ்சன் மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். பிறகு மாதக் கணக்கில் பொருட்களை எங்கே வைத்தேன் என்று தேடித் திரிந்தார். அதுவும் மெல்ல மெல்லச் சரியாகிவிட்டது.

மறுநாள் அவர்கள் வந்த பிறகு, தீயணைப்புக்காரரின் அனுமதியோடு ரெக்ஸ் அந்த ஹீட்டரைத் திறந்தார். அறை நன்றாகக் காற்றாடியிருந்தது. யோகேஸ்வரன் வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை. ரெக்ஸ் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு நெடுநேரம் உள்ளே பார்த்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து கண்ணுக்கு வந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். வயர்கள் ஒவ்வொன்றும் ஒரே அளவில் வளைந்து, கட்டப்பட வேண்டிய இடத்தில் கட்டப்பட்டு, முனைகளில் சின்னச் சின்ன எழுத்து ஒட்டி, சூடு படும் இடத்தில் சூடு தாங்கும் உறை போட்டிருந்தன. தொழிற்சாலையிலிருந்து வரும்போதுகூட அவை அப்படி இருப்பதில்லை.

“இதை யார் செய்தது?”

கேட்டுச் சொன்னேன். கிளிநொச்சியில் பதினாறு வருடம் மோட்டர் வைண்டிங் கடை வைத்திருந்தவர். தண்ணீர் பம்ப், நெல் குற்றும் மில், எல்லாவற்றுக்கும் மோட்டர் சுற்றிக் கொடுத்தவர். இங்கே கோழித் தொழிற்சாலையில் கிடைக்கும் நாட்களில் வேலை. வயரிங்கில் ஒரு பிழையும் இல்லை என்றார் ரெக்ஸ். இரண்டு விசிறியையும் தானே யோசித்துச் சரியாகப் போட்டிருக்கிறார்.

பிறகு வெளியே போய், சுவரிலிருந்த புகைக்குழாயைக் கழற்றி, ஒரு தடியை உள்ளே விட்டார். காய்ந்த புல்லும் இறகும் சாம்பலும் சேர்ந்து இறுகிய ஒரு கட்டி நிலத்தில் விழுந்தது. ஹீட்டரோடு குழாயும் ஷெட்டில் கிடந்த காலத்தில் ஏதோ குருவி கூடு கட்டியிருக்கிறது. ரெக்ஸ் திரும்பி வந்து, விலக்கிவிடப்பட்டிருந்த வட்டச் சுவிச்சைக் கையில் எடுத்து மீட்டரை வைத்துப் பார்த்தார்.

“இது பழுதில்லை என்று அவரிடம் சொல். ஒவ்வொரு பத்து நிமிடமும் இது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.”

சொன்னேன்.

“தெரியும் அன்ரி,” என்றார் யோகேஸ்வரன். “சுவிச்சிலை பிழை இல்லை எண்டு எனக்கு அப்பவே ஒரு எண்ணம். சுபா குளிர்லை நடுங்கிறா. வேறை காரணம் கண்டுபிடிக்கும் மட்டும், ரெண்டு நாளைக்கெண்டு டிரெக்ட் குடுத்தனான். என்ரை கடையிலை ஒரு பெடியன் அப்பிடிச் செய்திருந்தா கையிலை அடிச்சிருப்பன்.”

அதை நான் ரெக்ஸுக்கு மொழிபெயர்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை காலையில் ரெக்ஸ் என்னைக் கூப்பிட்டார். கோப்பை ஒரு பக்கம் தள்ளப்பட்டிருந்தது. பதிவுக் கொப்பி திறந்திருந்தது.

“முதல் அழைப்பு. தொடக்கத்திலிருந்து சொல்.”

சொன்னேன். எலி, வயர், இரண்டு விசிறி, படம். “பற்றுகிறது, பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்றார்,” என்று சொல்லும்போதே என் நாக்கு நின்றுவிட்டது.

“அதை அவர் சொன்னாரா?”

“சொன்னார்.”

“நீ என்ன கேட்டாய்?”

“ஒன்றும் கேட்கவில்லை.”

புகைக்குழாயைத் துப்புரவாக்குங்கள் என்று சொல்ல எந்தச் சட்டமும் தடை இல்லை. ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்கிற வார்த்தை. அவருக்கு மட்டும் சொல்லவில்லை. வயர் என்ற சொல்லோடு நான் காதை மூடிவிட்டேன்.

ரெக்ஸ் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய் என் மேசையிலிருந்த மட்டையை உரித்துக்கொண்டு வந்தார். “சிவப்பு மை என்னுடைய பிழை,” என்றார். “கண் முதலில் அங்கேதான் போகும்.” புதிய மட்டை ஒன்றை எடுத்தார். ஒரே நிற மையில், வயரிங் வரியைக் கேள்விகளுக்குப் பின்னால் வைத்து எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒரு கேள்வி: வீட்டில் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள்?

“இன்னொன்று,” என்றேன். “தமிழர் என்று தெரிந்தால் நான் தமிழில் பேசலாமா?”

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். “பேசக் கூடாது என்று யார் சொன்னது?”

யோசித்துப் பார்த்தேன். தொலைபேசிப் பகுதியில் யாருமே சொல்லவில்லை. பொதி கட்டிய முதல் வருடத்தில், நானும் இன்னொரு பெண்ணும் தமிழில் சிரித்துப் பேசியபோது, அப்போதிருந்த மேற்பார்வையாளர் ஒருமுறை முகத்தைச் சுளித்து “இங்கிலிஷ்” என்றார். அவர் வேலையை விட்டுப் போயே எத்தனையோ வருடம். நான் இன்னும் அவருக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தேன்.

மூன்று கிழமை கழித்து யோகேஸ்வரனும் சுபாவும் கவுண்டருக்கு வந்தார்கள், ஒரு பெட்டி பிஸ்கட்டோடு. ரெக்ஸ் அவரைப் பின்னால் திருத்தும் கூடத்துக்குக் கூட்டிப்போனார். முதல் ஐந்து நிமிடம் நான் மொழிபெயர்த்தேன். பிறகு தேவைப்படவில்லை, இருவரும் ஒரு மோட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு விரலாலேயே பேசினார்கள். அனுமதிப்பத்திரத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது, என்ன பரீட்சை, எந்த வகுப்பு என்று ரெக்ஸ் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தார். தான் பார்த்த வேலையின் தரத்தைப் பற்றி ஒரு கடிதமும் தந்தார். அதனால் எல்லாம் உடனே மாறிவிடவில்லை. விசாப் பிரச்சினை இழுபட்டது. நான் 2013இல் ஓய்வு பெற்றபோது அவர் கிரான்பர்னில் ஓர் எலெக்ட்ரீசியனுக்கு உதவியாளாகச் சேர்ந்திருந்தார். செய்த மின்வேலைக்குக் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை, வயரைத் தொடும் வேலை இருந்தது.

பிஸ்கட்டோடு வந்த அன்று, புறப்படும்போது யோகேஸ்வரன் வாசலில் நின்று சொன்னார்:

“அன்ரி, நீங்கள் தமிழ் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்.”

“எப்பிடி?”

“பேர் கேட்டியள். யோகேஸ்வரன் எண்டு சொன்னன். எழுத்துக் கூட்டச் சொல்லாமல் எழுதிட்டு, நம்பரைக் கேட்டியள். இந்த நாட்டிலை அப்பிடி ஒருத்தரும் எழுதினதில்லை.”

“அப்ப ஏன் தம்பி தமிழிலை கேக்கேல்லை?”

“நீங்கள் இங்கிலிசிலை கதைச்சியள். வேலை செய்யிற இடம். நான் தமிழிலை துவங்கி, உங்களுக்கு ஏதும் பிரச்சினை வந்தா எண்டு விட்டிட்டன்.”

அவர் அப்படி நினைத்த அதே நிமிடத்தில் நானும் அதையேதான் நினைத்தேன்: எனக்குப் பிரச்சினை வரக் கூடாது. அதை அவரிடம் சொல்ல அன்று துணிவு வரவில்லை. இரவு கணவரிடம் சொன்னேன். “அந்த ஆளிட்டை போய்ச் சொல்லும்,” என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு நோபல் பார்க்குக்குப் போனேன். வாடகை வீட்டின் சொந்தக்காரர் அதற்குள் சுவரில் ஒரு புதிய மின்ஹீட்டர் பூட்டியிருந்தார். சுபா தேநீர் தந்தாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். முதல் நாளே எனக்கும் தெரியும், என் வேலைக்குப் பயந்துதான் ஆங்கிலத்தில் பேசினேன், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன்.

யோகேஸ்வரன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துவிட்டார். “அப்ப ரெண்டு பேருமாச் சேந்து உங்கட வேலையைத்தான் காப்பாத்தியிருக்கிறம் அன்ரி.”

எனக்கும் சிரிப்பு வந்தது. சுபா சிரிக்கவில்லை. இரவு வேலை முடித்து வந்த றஞ்சன் உள்ளே நித்திரையாக இருந்தார். அவள் எழுந்து போய் அந்த அறைக் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்தாமலே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.